முதல் ஆறு நாட்கள்

சண்டிகரிலிருந்து லே நகரத்துக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஏறும் இடம் கடல்மட்டத்திலிருந்து 320 மீட்டர் உயரமுள்ள சமவெளி. இறங்கும் விமான நிலையம் 3,200 மீட்டருக்கும் மேலே. ஊர் இன்னும் உயரத்தில், 3,500 மீட்டரில் இருக்கிறது. ஊட்டியின் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். லே நகரத்துத் தெருக்கள் அந்த உச்சியைக் காட்டிலும் 850 மீட்டருக்கு மேல் உயரத்தில் கிடக்கின்றன.

தேனியிலோ திருவண்ணாமலையிலோ ஒரு வீட்டில் "லடாக்குக்குப் போஸ்டிங் வந்திருக்கு" என்று மகன் சொன்னால், வீட்டார் முதலில் நினைப்பது குளிரை. அம்மா கம்பளி மப்ளர் வாங்கி வைப்பார். அப்பா எல்லையை நினைத்துப் பேசாமல் இருப்பார். இரண்டு கவலையும் நியாயமானவையே. ஆனால் முதல் வாரத்தில் அந்த இளைஞனின் உயிருக்கு உலை வைக்கக்கூடியது காற்று. பனியும் துப்பாக்கியும் பிறகுதான் வருகின்றன.

விமானத்துக்குள் காற்றழுத்தம் செயற்கையாகக் கூட்டி வைக்கப்பட்டிருப்பதால் உடலுக்கு எதுவும் தெரிவதில்லை. கதவு திறந்ததும் வெளியே காத்திருப்பது, கடல்மட்டத்து அழுத்தத்தில் சுமார் 65 சதவீதம் மட்டுமே உள்ள காற்று. அந்தக் காற்றிலும் ஆக்சிஜனின் பங்கு நம் ஊரில் உள்ள அதே 21 சதவீதம்தான். மலையில் ஆக்சிஜன் குறைவு என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வது, காற்றே மொத்தமாக மெலிந்துவிட்டது என்ற பொருளில்தான் சரி. தலைக்கு மேலே இருக்கும் காற்றின் எடை குறைவு, அதனால் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் நுரையீரலின் நுண்ணறைகளிலிருந்து இரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ளும் விசையும் குறையும். சமவெளியில் 97, 98 சதவீதம் ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தோடு இருந்தவருக்கு, லேயில் இறங்கிய முதல் நாளில் அது 90ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ வந்துவிடுகிறது.

ஆனால் இறங்கியவுடன் ஒன்றும் ஆவதில்லை. ஆபத்து இங்கேதான் இருக்கிறது. வானம் கண்ணைப் பறிக்கும் நீலம், மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகின்றன, உடம்பில் ஒரு உற்சாகம்கூட இருக்கும். ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், தலைவலி தொடங்கும். பிறகு குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை. ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்து பட்டாளத்தில் சேர்ந்தவனுக்கும் இதிலிருந்து விலக்கு கிடையாது. யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதை அவரவர் உடல் பலத்தை வைத்துக் கணிக்க முடியாது. பலசாலிக்குக் கூடுதல் ஆபத்து என்றே சொல்லலாம், ஏனென்றால் அவன்தான் சும்மா இருக்கமாட்டான்.

அதனால் இந்திய இராணுவம் அவனைப் படுக்க வைக்கிறது. 9,000 அடி முதல் 12,000 அடி வரையிலான முதல் கட்டத்துக்கு ஆறு நாட்கள். முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. அடுத்த இரண்டு நாள் சமதரையில் மெதுவான நடை. கடைசி இரண்டு நாள் கொஞ்சம் ஏற்றத்தோடு, சற்றுக் கூடுதல் தூரம். அதற்கு மேலே 15,000 அடி வரை செல்ல வேண்டுமானால் இரண்டாம் கட்டமாக இன்னும் நான்கு நாட்கள், அதையும் தாண்டினால் மூன்றாம் கட்டமாக மேலும் நான்கு. ஜவான்கள் இதை "ஸ்டேஜ் ஒன், ஸ்டேஜ் டூ" என்று சொல்வார்கள். சாதாரணமாகக் கேட்கும் இந்த நாட்கணக்குக்குப் பின்னால் ஒரு போரும் பல நூறு பேரின் நோய்ப்படுக்கைகளும் இருக்கின்றன. அதற்கு முன், அந்த ஆறு நாட்களில் உடலுக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம். மனித உடலியங்கியலின் மிக அழகான பகுதிகளில் ஒன்று அது.

கழுத்தின் இருபுறமும், தலைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி கிளை பிரியும் இடத்தில், அரிசி அளவே உள்ள ஒரு உறுப்பு இருக்கிறது. கரோட்டிட் உறுப்பு என்று பெயர். இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை முதலில் கண்டுகொள்வது இதுதான். கண்டதும் மூளைத்தண்டுக்குச் செய்தி போகிறது: இன்னும் மூச்சு வாங்கு. உடனே மூச்சு ஆழமாகிறது, வேகமாகிறது. இதுவரை நல்லதே.

கூடுதலாக மூச்சு விட்டால் ஆக்சிஜன் உள்ளே வருவதோடு கார்பன் டை ஆக்சைடும் கூடுதலாக வெளியே போய்விடும். அது இரத்தத்தில் அமிலத் தன்மையைத் தருவது. அது குறைந்தால் இரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. மூளையில் மூச்சைக் கட்டுப்படுத்தும் இன்னொரு பகுதி, ஆக்சிஜனைப் பார்ப்பதில்லை. கார்பன் டை ஆக்சைடையும் அமிலத்தையும் வைத்தே கணக்குப் போடுகிறது. அது சொல்கிறது: மூச்சு அதிகமாகிவிட்டது, குறை. ஒரே உடலுக்குள் இரண்டு எதிரெதிரான கட்டளைகள். பகலில் விழித்திருக்கும்போது எப்படியோ சமாளித்துவிடலாம். இரவில் தூங்கும்போது இந்த இழுபறி வெளியே தெரியும். மூச்சு சில நொடிகள் ஆழமாக ஓடும், பிறகு பத்து நொடிக்கும் மேலாக நின்றேபோகும், மறுபடி திடுக்கென்று ஒரு பெருமூச்சோடு தொடங்கும். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் பயந்துபோய் எழுப்பிவிடுவதும் உண்டு. உயரத்துக்குப் புதிதாக வந்தவர்களிடம் இது சகஜம். தூக்கம்தான் கெடும்.

இந்தச் சண்டையைத் தீர்த்து வைப்பவை சிறுநீரகங்கள். இரத்தத்தில் கூடிப்போன காரத்தன்மையைச் சமன் செய்ய, பைகார்பனேட்டைச் சிறுநீரில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுகின்றன. காரம் குறையக் குறைய மூளை போட்ட தடை தளர்கிறது. உடல் தயக்கமில்லாமல் கூடுதலாக மூச்சு வாங்கத் தொடங்குகிறது. இரத்த ஆக்சிஜன் மெல்ல ஏறுகிறது. சிறுநீரகம் இதை அவசரமாகச் செய்வதில்லை. பெரும்பகுதி வேலைக்கு அதற்குச் சில நாட்கள் வேண்டும். அசிட்டசோலமைடு என்ற மாத்திரை செய்வதும் இதே வேலையைத்தான்: பைகார்பனேட்டை வெளியேற்றும்படி சிறுநீரகத்தை முடுக்குகிறது. உதவும், ஆனால் ஓய்வுக்கு மாற்று ஆகாது.

உயரத்துக்குப் போனால் இரத்தச் சிவப்பணுக்கள் கூடும் என்று பள்ளியில் படித்திருப்போம். உண்மைதான், ஆனால் முதல் வாரத்தைக் காப்பாற்றுவது அது இல்லை. சிவப்பணுக்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஹார்மோன் சில மணி நேரங்களிலேயே கூடிவிடும், ஆனால் எலும்பு மஜ்ஜை புதிய அணுக்களைக் கணிசமாக உருவாக்கி முடிக்க வாரங்கள் ஆகும். ஆக்சிஜன் குறைந்ததைச் செல்கள் எப்படி உணர்ந்து இந்த உற்பத்தியை முடுக்குகின்றன என்பதைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்ஸா மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இனி நுரையீரல். உயிர் போகும் இடம் இதுதான்.

நிமோனியா வந்து நுரையீரலின் ஒரு மூலை அடைபட்டால், அங்கே ஓடும் இரத்தம் வீண். அதனால் ஆக்சிஜன் குறைந்த பகுதியின் இரத்தக் குழாய்கள் தாமே சுருங்கி, இரத்தத்தை நல்ல பகுதிகளுக்குத் திருப்பிவிடும். ஸ்வீடன் நாட்டின் உல்ஃப் ஃபோன் ஆய்லரும் யோரான் லில்யெஸ்ட்ராண்டும் 1946இல் விவரித்த இந்த ஏற்பாடு சமவெளியில் மிகவும் புத்திசாலித்தனமானது. மலையிலோ நுரையீரல் முழுவதுமே ஆக்சிஜன் குறைந்த பகுதி. எல்லாப் பக்கமும் குழாய்கள் சுருங்குகின்றன, அதுவும் ஒரே சீராக அல்ல. இரத்தம் எங்கே போகும்? சுருங்காமல் மிஞ்சிய வழிகளில் எல்லாம் சேர்ந்து பாய்கிறது. அழுத்தம் தாங்காமல் நுண்குழாய்களின் மெல்லிய சுவர்கள் கசிகின்றன. காற்று நிரம்ப வேண்டிய நுண்ணறைகளில் திரவம் நிரம்புகிறது. உழைப்பு இந்த அழுத்தத்தைக் கூட்டும், குளிரும் கூட்டும். இறங்கிய முதல் நாளே மூட்டை தூக்கி மேடேறியவன் இரண்டாம் இரவிலோ மூன்றாம் இரவிலோ உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்குகிறான். இருமுகிறான். முற்றினால் இளஞ்சிவப்பு நுரை வரும். மருத்துவப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இராணுவத்தில் இதை "ஹேப்போ" என்கிறார்கள். மூளையில் நீர் கோத்தால் "ஹேக்கோ": தள்ளாடிய நடை, குழறிய பேச்சு, குழப்பம், பிறகு நினைவிழப்பு.

1960ஆம் ஆண்டு வரை உலக மருத்துவம் ஹேப்போவைப் பெரும்பாலும் நிமோனியா என்றோ இதயக் கோளாறு என்றோதான் நினைத்தது. அந்த ஆண்டு கொலராடோவின் ஆஸ்பென் நகர மருத்துவரும் மலையேறியுமான சார்லஸ் ஹூஸ்டன், ஆரோக்கியமான ஓர் இளைஞனுக்கு மலையில் வந்த நுரையீரல் வீக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இரண்டே ஆண்டுகளில், 1962 அக்டோபரில், சீனப் போர் வந்தது. சமவெளியிலிருந்து இந்திய வீரர்கள் அவசர அவசரமாக இமயத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பலரிடம் குளிருக்கான உடுப்பே இல்லை. உடலைப் பழக்க நாட்களும் இல்லை. எதிரியின் குண்டு தொடுவதற்கு முன்பே பலர் மூச்சுத்திணறி வீழ்ந்தார்கள்.

இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய சகாக்களும் அந்த ஆண்டுகளில் மலைக்கு வந்த வீரர்களைத் தொடர்ந்து கவனித்துப் பதிவு செய்தார்கள். 11,000 அடியிலிருந்து 18,000 அடி வரை நோயுற்ற 1,925 வீரர்களைப் பற்றிய அவர்களுடைய ஆய்வு 1969இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. உலகில் எங்குமே அதற்கு முன் இத்தனை பேரை வைத்து மலைநோய் ஆராயப்பட்டதில்லை. அவர்கள் பரிந்துரைத்த சிகிச்சையில் ஒரு பகுதி, சிறுநீரைப் பெருக்கும் ஃப்யூரோசமைடு மருந்து, பின்னாளில் கைவிடப்பட்டது. ஏற்கெனவே வறண்டுபோன உடலை அது மேலும் வறட்டிவிடும். ஆனால் நோயை அவர்கள் விவரித்த விதம் நிலைத்தது. இன்று எவரெஸ்ட் அடிவாரத்துக்கு நடைபயணம் போகும் ஐரோப்பியர் கடைப்பிடிக்கும் எச்சரிக்கைகளிலும் அந்த இந்திய ஜவான்களின் நோய்க்குறிப்புகளுக்குப் பங்கு உண்டு. நம் அறிவியல் வரலாற்றை எழுதுவோர் இதைப் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

அதே 1962இல் தில்லியில் தொடங்கப்பட்டது, டிபாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாதுகாப்பு உடலியங்கியல் ஆய்வு நிறுவனம். மலையிலும் பாலைவனத்திலும் ஆழ்கடலிலும் வீரனின் உடல் என்ன ஆகிறது என்பதே அதன் கேள்வி. பின்னாளில் அதன் இயக்குநராக இருந்த தமிழரான டபிள்யூ. செல்வமூர்த்தியும் சகாக்களும், வெப்பமண்டலத்து மனிதர்களை ஆர்க்டிக் குளிருக்கே அழைத்துப்போய் அவர்களுடைய விரல்களின் இரத்த ஓட்டம் குளிருக்கு எப்படி ஈடுகொடுக்கிறது என்று அளந்து 1992இல் வெளியிட்டார்கள்.

விரல்களை ஏன் அளக்க வேண்டும்? குளிரில் உடல் முதலில் கைவிடுவது விரல்களைத்தான். இதயமும் மூளையும் சூடாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தோலுக்கும் கைகால் நுனிகளுக்கும் போகும் இரத்தத்தை உடல் குறைத்துவிடுகிறது. அப்படியே விட்டால் விரல் செத்துவிடும். ஆகவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை குழாய்கள் திறந்து கொஞ்சம் சூடான இரத்தத்தை அனுப்பிவிட்டு மறுபடி மூடும். இதை 1930இல் கண்டுசொன்னவர் லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ். பனிப்பிரதேசத்து மீனவர்களிடம் இந்தத் திறப்பு விரைவாகவும் தாராளமாகவும் நடக்கிறது. வெயிலில் பிறந்து வளர்ந்தவர்களிடம் மந்தமாக நடக்கிறது. அதனால்தான் தெற்கிலிருந்து போகும் வீரர் கையுறையில் கூடுதல் கண்டிப்பாக இருக்க வேண்டும். கடுங்குளிரில் வெறும் கையால் துப்பாக்கி உலோகத்தைத் தொட்டால் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். வியர்வையும் எதிரிதான். நடக்கும்போது வியர்த்து நனைந்த காலுறை, நின்றதும் உறையத் தொடங்கும். வியர்க்கும் முன்பே ஒரு அடுக்கு உடையைக் கழற்றுவது பனியில் பழகியவர்களின் வழக்கம்.

உறைபனியில் விரல் வெளுத்து மரத்துப்போனால் பனியை வைத்துத் தேய்க்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை ஒன்றரை நூற்றாண்டு நிலவியது. 1812இல் நெப்போலியனின் படையோடு ரஷ்யப் பனியில் நடந்த அறுவை மருத்துவர் டொமினிக் லாரே சொன்ன வைத்தியம் அது. வீரர்கள் மரத்த கால்களை நெருப்பருகே நீட்டிப் பொசுக்கிக்கொண்டதையும், மறுநாள் நடையில் அவை மறுபடி உறைந்து அழுகியதையும் பார்த்து அவர் அந்த முடிவுக்கு வந்தார். நெருப்பு கூடாது என்பதில் அவர் சொன்னது சரி, பனித் தேய்ப்பு தவறு. இன்றைய முறை, 37 முதல் 39 டிகிரி வரையிலான வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்துவது. அதுவும் மீண்டும் உறையாது என்று உறுதியான இடத்துக்கு வந்த பிறகே.

லேயைத் தாண்டினால் சியாச்சின். 1984 ஏப்ரல் 13 அன்று மேகதூத் நடவடிக்கையில் இந்தியப் படை அந்தப் பனியாற்றை அடுத்த உச்சிகளில் நிலைகொண்டது. அடிவார முகாம் ஏறத்தாழ லேயின் உயரம்தான். அங்கே சியாச்சின் போர்ப் பள்ளியில் பயிற்சி முடித்து, ஓ.பி. பாபா கோயிலில் வணங்கிவிட்டு, ஒருவரோடு ஒருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டு மேலே நடக்கிறார்கள். 1987இல் நாயப் சுபேதார் பாணா சிங் தலைமையில் கைப்பற்றப்பட்டு அவர் பெயரையே தாங்கும் காவல்சாவடி 21,000 அடிக்கும் மேலே. அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் பாதிகூட இல்லை. தண்ணீர் 80 டிகிரிக்குக் கீழேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. கூடாரத்துக்குள் எரியும் மண்ணெண்ணெய் புகாரி அடுப்பு உயிர்காப்பது, ஆனால் காற்றுப்போக்கி அடைபட்டால் அதே அடுப்பு கார்பன் மோனாக்சைடால் கொன்றுவிடும். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு அந்த வாயு இரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிஜன் ஏற்கெனவே போதாத இரத்தத்துக்கு அது இரட்டை அடி.

மேலும், அங்கே பழக்கம் என்பதே ஒரு எல்லைக்கு மேல் வேலை செய்வதில்லை. உலகில் மனிதர் நிரந்தரமாக வாழும் மிக உயர்ந்த ஊர், பெரு நாட்டின் லா ரின்கோனாடா, 5,100 மீட்டரில் இருக்கிறது. சிலி நாட்டின் அவ்கான்கில்சா கந்தகச் சுரங்கத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 5,950 மீட்டரில் வேலை செய்தார்கள், ஆனால் குடியிருந்தது 5,300 மீட்டரில். தினமும் ஏறி இறங்கும் கஷ்டத்தை அவர்கள் விரும்பியே ஏற்றார்கள், மேலே தங்கினால் பசியும் தூக்கமும் போய்விடும் என்பதால். சியாச்சினில் 5,800 மீட்டருக்கு மேல் வாரக்கணக்கில் இருந்த 21 வீரர்களுக்கு இதயத்தின் வலப்புறம் வீங்கி உடலில் நீர் கோத்ததை இந்தர் ஆனந்த் குழுவினர் 1990இல் லான்செட் இதழில் விவரித்தார்கள். கீழே இறக்கியதும் தேறினார்கள். அந்த உயரத்தில் நாட்கள் கூடக் கூட உடல் தேய்கிறது, எடை இறங்குகிறது, இரத்தம் தடிக்கிறது. அதனால்தான் உச்சிச் சாவடிகளில் யாரையும் நீண்டகாலம் வைத்திருப்பதில்லை.

லடாக் மக்கள் தலைமுறை தலைமுறையாக மலையில் வாழ்கிறார்களே என்று கேட்கலாம். திபெத்திய உயர்நிலத்து மக்களிடம் இபாஸ்1 என்ற மரபணுவின் தனி வடிவம் இருப்பது 2010இல் தெரியவந்தது. இரத்தம் தேவைக்கு மேல் தடித்துப்போகாமல் அது காக்கிறது. அற்றுப்போன டெனிசோவன் மனித இனத்திடமிருந்து அது வந்திருக்க வேண்டும் என்று 2014இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பல ஆயிரம் ஆண்டுகளில் தேர்வான ஒன்று அது. சமவெளி மனிதனுக்கு ஆறு நாளில் அது கிடைக்காது.

2016 பிப்ரவரி 3 அன்று, 19,600 அடி உயரத்து சோனம் சாவடியில் பனிச்சரிவு 19 மதராஸ் படைப்பிரிவின் பத்துப் பேரை மூடியது. நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாட்கள் பனிக்கு அடியில் கிடந்து உயிரோடு மீட்கப்பட்ட கர்நாடகத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா, பிப்ரவரி 11 அன்று தில்லி மருத்துவமனையில் இறந்தார். சியாச்சினில் 1984 முதல் 800க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மாண்டிருக்கிறார்கள். பெரும்பாலோரைக் கொன்றது தட்பவெப்பமும் நிலமும்தான். 2003 நவம்பரில் அங்கே துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகும் மரணம் நிற்கவில்லை.

பனிச்சரிவை முழுவதும் தடுக்க முடியாது. ஹேப்போவையும் ஹேக்கோவையும் பெருமளவு தடுக்க முடியும், வந்தாலும் மீட்க முடியும். மருந்துகள் இருக்கின்றன. நோயாளியை உள்ளே படுக்க வைத்துக் காற்றடித்து அழுத்தத்தைக் கூட்டும் பைகள் இருக்கின்றன. ஹெலிகாப்டர் வர முடியாத இரவில் அந்தப் பை, ஆளை நகர்த்தாமலேயே ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் கீழிறக்கியதற்குச் சமம். எல்லாவற்றுக்கும் மேலான சிகிச்சை உண்மையிலேயே கீழே இறக்குவது. இவை எதுவும் பயன்பட வேண்டுமானால், "தலை வலிக்குது" என்று முதலில் ஒருவன் சொல்ல வேண்டும். பலவீனன் என்று நினைப்பார்களோ என்ற கூச்சத்தில் அதை மறைப்பவர்கள்தான் இரவில் மோசமாகிறார்கள்.

உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் லடாக்கில் பணியில் இருந்தால் இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். போனில் பேசும்போது தலைவலி, இருமல், மூச்சிரைப்பு என்று ஏதாவது அவர் வாயிலிருந்து வந்தால், அன்றைக்கே யூனிட் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். லீவில் ஊருக்கு வந்து சில வாரம் இருந்துவிட்டுத் திரும்பும் வீரரின் உடல், மலையில் பழகியதை இழந்துவிட்டிருக்கும். போன வருடமும் அங்கேதானே இருந்தாய் என்ற கணக்கு செல்லாது. அவர் லேயில் இறங்கி மறுபடியும் முதல் நாளிலிருந்து படுத்து ஓய்வெடுத்தே ஆக வேண்டும். இது சுற்றுலாவுக்காக அதே விமானத்தில் போகும் உங்களுக்கும் பொருந்தும். முதல் இரண்டு நாளைக்கு எந்த ஊரையும் பார்க்கப் போகாதீர்கள். அறையிலேயே இருங்கள், தண்ணீர் குடியுங்கள், மதுவைத் தொடாதீர்கள்.